விசைப்பலகையும் தமிழும்

செட்டியார்பட்டியினின்று நம் கல்லூரிக்கு வந்த மாணவர் ஒருவர், தமிழ்99 முறையிற் பழகிய கையால் லினக்ஸ் கணினியில் ‘க’ எழுதப் புக, ‘ப’ தோன்றிற்று. கணினி பழுதென்றெண்ணி, அன்றுமுதல் தமிழையும் ஆங்கில எழுத்தாலேயே எழுதலானார். இஃது இரங்கத்தக்கது.

பழுது கணினியினதன்று. தமிழ்99 முறையில் ‘க’ தரும் எச் விசை, இன்ஸ்கிரிப்ட் முறையில் ‘ப’ தரும். ‘தமிழ்’ என்னும் பெயரளவிற் கண்டு தேர்ந்ததே பிழை. ஐபஸ் என்னும் உள்ளீட்டு நிரலுக்குரிய எம்17என் தொகுதியை நிறுவி, ஒருமுறை வெளியேறி மீண்டும் உட்புகுந்து, விசைப்பலகை அமைப்பில் தமிழ்99 என்பதனைச் சேர்ப்பின் குறை நீங்கும்.

1999 ஆம் ஆண்டில் சென்னையிற் கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாக அரசு ஏற்ற முறை இது. உயிரெழுத்துக்கள் இடக்கைக்கும், மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் உரியன. ககர விசையை இருமுறை அழுத்தின், புள்ளியைக் கணினியே இட்டு ‘க்க’ எனக் காட்டும். இவ்வெளிமை பிற முறைகளில் அரிது.

ஆதலின், நம் கணினிக்கூடத்துக் கணினிகள் அனைத்திலும் தமிழ்99 அமைக்கப்படல் வேண்டும். முதலாண்டிலேயே அது பயிற்றப்படல் வேண்டும். கணினி முறைகள் பலவாகலாம். மாணவர் கை ஒரு முறையிலேனும் தேறுதல் இன்றியமையாதது. இன்றேல் தமிழ் மாணவரும் தம் மொழியைப் பிறமொழி எழுத்தில் எழுதும் வழக்கம் நிலைத்துவிடுமென அஞ்சுகின்றோம்.