முகத்தை எண்ணுகிறார்கள், காதை எப்போது எண்ணுவார்கள்?

மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் காலையில் வளாகத்துக்குள் வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, கைப்பேசிச் செயலிக்கு முகத்தைக் காட்டுவது. 2025 மே மாதத்திலிருந்து தேசிய மருத்துவ ஆணையம் வைத்திருக்கும் ஏற்பாடு இது. விரல்ரேகை போய் முகம் வந்திருக்கிறது. அதே மாதத்தில் தமிழ்நாட்டின் 36 அரசு மருத்துவக் கல்லூரிகளில் 34-க்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது. ஆசிரியர் போதவில்லை, வருகைப் பதிவு போதவில்லை என்பது புகார். ஆசிரியர் இல்லாமல் கல்லூரி எதற்கு என்று ஆணையத்துக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் உண்டு. வாங்கட்டும். தலையை எண்ணுவதுதான் தரம் என்று நினைப்பவர்களோடு வாதாடி நேரத்தைப் போக்க வேண்டியதில்லை.

சேலம் நாமக்கல் சமவெளியில் ஒரு காது, மூக்கு, தொண்டைத் துறையின் புறநோயாளிகள் பிரிவு எப்படி இருக்கும் என்று அந்தச் செயலிக்குத் தெரியாது. நிலக்கடலை விளையும் பூமி இது. விளையாடிக்கொண்டே தின்ற குழந்தையின் மூச்சுக்குழாயில் அரைக் கடலை சிக்கிக்கொள்ளும். நள்ளிரவில் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். மயக்க மருந்து கொடுத்து, குழாயை உள்ளே விட்டு, கடலை ஊறி உப்பி உடைவதற்குள் எடுத்தாக வேண்டும். அடுத்த நாற்காலியில், வருஷக்கணக்கில் காதில் சீழ் வடிய, தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றியே காலம் தள்ளிய பாட்டி. அதற்கடுத்து தறிக்காரர். கேட்ட கேள்விக்கு வேறு பதில் சொல்வார்.

இந்தத் துறை வளரவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. சேலத்தில் மோகன் குமாரமங்கலம் பெயரில் அரசு மருத்துவக் கல்லூரி 1986-ல் வந்தது. அன்றைய காது டாக்டர் என்றால் நெற்றியில் வட்டக் கண்ணாடி. இன்று நுண்ணோக்கி வைத்துச் செவிப்பறையை ஒட்டுகிறார்கள். மூக்கின் வழியே எண்டோஸ்கோப் விட்டு மூளையின் அடித்தளம் வரை போகிறார்கள். 2021-ல் கொரோனாவின் பின்னால் கருப்புப் பூஞ்சை வந்தபோது, மூக்கிலும் சைனஸிலும் அழுகிய திசுவைச் சுரண்டி எடுத்து உயிரையும் கண்ணையும் காப்பாற்றும் வேலையில் இந்தத் துறைதான் முதலில் நின்றது. அதுவரை இந்தத் துறை இருக்கும் இடம்கூடப் பலருக்குத் தெரியாது. (சென்னைப் பொது மருத்துவமனையின் காது மூக்கு தொண்டை நிபுணர் பி.வி. செரியன் பின்னாளில் மகாராஷ்டிர ஆளுநராகவே ஆனார். ஆளுநர் பதவி கிடைத்த துறைக்கு அந்தஸ்து மட்டும் கிடைக்கவில்லை.)

1997-ல் சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2022 ஜனவரி 12 அன்று. பிரதமர் காணொலியில் ஒரே நாளில் திறந்துவைத்த 11 கல்லூரிகளில் அது ஒன்று. சந்தோஷம்தான். ஆனால் எந்தச் சாதனையைப் பேசினாலும் பேச்சு எத்தனை இடம், எத்தனை படுக்கை, எத்தனை கோடி என்பதிலேயே போய் நிற்கிறது.

இங்கேதான் இரண்டு வருஷங்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: 1976, 2007. பார்வையிழப்பைத் தடுக்கத் தேசியத் திட்டம் வந்தது 1976-ல். காது கேளாமையைத் தடுக்கத் தேசியத் திட்டம் வந்தது 2007-ல். இடைவெளி 31 வருஷம். கண்ணுக்குத் திட்டம் வந்த நாளில் பிறந்த குழந்தை வளர்ந்து, கல்யாணம் ஆகி, தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகுதான் காதுக்குத் திட்டம் வந்தது. அதுவும் முதலில் 25 மாவட்டங்களில், சோதனை முயற்சியாக. அதே 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை எங்கே போய் நிற்கிறது என்று உலகத்துக்கே தெரியும். எழும்பூர் கண் மருத்துவமனையின் வேர் 1819 வரை போகிறது. காதுக்கு? ஹைதராபாத்தின் கோட்டியிலும் விசாகப்பட்டினத்திலும் அரசே தனி காது மூக்கு தொண்டை மருத்துவமனை நடத்துகிறது. தமிழ்நாட்டில் காது இன்னும் ஒண்டுக்குடித்தனம்தான். ஊருக்கு ஊர் கண் முகாம் நோட்டீஸ் ஒட்டாத சுவர் இல்லை. காது முகாம் நோட்டீஸைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கண் தெரியாதவர் தடுக்கி விழுவது ஊருக்குத் தெரிகிறது. காது கேட்காதவரை ஊரே 'செவிடு' என்று கேலி செய்துவிட்டு நகர்ந்துவிடுகிறது.

தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் பழைய கணக்குப்படி, கடுமையான செவித்திறன் இழப்பு உள்ளவர்கள் இலட்சத்துக்கு 291 பேர். சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டங்களுக்கும் 2011 மக்கள்தொகை சுமார் 52 இலட்சம். பெருக்கினால் 15,000 பேருக்கு மேல் வருகிறது. இது தேசியச் சராசரி மட்டுமே. தறியும், ரிக் வண்டியும், லாரிக்கு பாடி கட்டும் பட்டறையும், தாய்மாமன் மகன் அத்தை மகள் கல்யாணமும் உள்ள பூமியில் நிஜக் கணக்கு இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்க முடியும்.

பள்ளிப்பாளையம், குமாரபாளையம், எடப்பாடி, இளம்பிள்ளைப் பக்கம் விசைத்தறிக் கூடத்துக்குள் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பக்கத்தில் நிற்பவரிடம் பேச வேண்டுமென்றாலும் கைஜாடைதான். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் உச்சம் என்கிறது விதி. தறி ஓடும் கூடத்தில் சத்தம் அதைத் தாண்டுவது சாதாரணம். இரைச்சலால் வரும் காது மந்தம், தொழிற்சாலைகள் சட்டத்தில் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய தொழில்நோயாக இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்போ, மின்சாரத்தில் இயங்கும் இடம் 'தொழிற்சாலை' ஆவதற்கான ஆள் கணக்கை 10-லிருந்து 20 ஆக்கிவிட்டது. ஏழெட்டுப் பேர் ஓட்டும் தறிக்கூடம் முன்பும் அந்தச் சொல்லுக்குள் வரவில்லை. பதினைந்து பேர் ஓட்டுவது இனி வராது.

இதைவிட ஆத்திரம் தருவது குழந்தைகள் விஷயம். பிறந்த ஒரு மாதத்துக்குள் செவிப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு. தமிழ்நாட்டின் பெருமை, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இலட்சக்கணக்கில் விலையுள்ள காக்ளியர் செவிக் கருவியை ஏழைக் குழந்தைக்குக் காசில்லாமல் பொருத்துவது. பெருமைதான், மறுப்பில்லை. அதற்கு வயது வரம்பு ஆறு. உலகம் ஆறு மாதம் என்கிறது, இங்கே ஆறு வருஷம் வரை கதவு திறந்திருக்கிறது. பேச்சைக் கற்கும் மூளையோ அதுவரை காத்திருப்பதில்லை. கொங்குப் பக்கம் வீட்டில் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: "அவிங்க மாமனும் அஞ்சு வயசுலதானுங்க பேசுனான்." மூன்று வயதில் வரும் குழந்தைக்கு அறுவை சிகிச்சை நடக்கும், செய்தித்தாளில் படம் வரும். அதன் பிறகு வாரா வாரம் பேச்சுப் பயிற்சிக்குப் பஸ் ஏற வேண்டிய அம்மாவின் படம் வராது.

கேரளம் 'காதோரம்' என்று பரிசோதனைக்கும், 'ஸ்ருதிதரங்கம்' என்று கருவிக்கும் திட்டம் வைத்திருக்கிறது. கேட்கிறதா என்று பார்ப்பதற்கே தனிப் பெயர் இருக்கிறது. இங்கே மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன, கருவிகளும் இருக்கின்றன. பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் கட்டாயம் என்பதுதான் இல்லை. தூங்கும் குழந்தையின் காதில் சின்ன அடைப்பானை வைத்துச் சில நிமிஷத்தில் முடிகிற சோதனை. ஆளில்லை என்று சொல்வார்கள். அது சாக்கு.

இரண்டு மாவட்டக் கல்லூரிகளுக்கும் பொதுவாகச் சங்ககிரிப் பக்கம் ஒரு அரசு காது மருத்துவமனை கட்டட்டும். அதுவரை இந்தச் சமவெளியில் ஒரு மருத்துவப் படிப்பு இடத்தைக்கூடக் கூட்டக் கூடாது. மருத்துவமனை கட்டக் காசில்லை என்றால், காசு கேட்காத வழியும் இருக்கிறது. 2021 விதிப்படி ஒவ்வொரு பயிற்சி மருத்துவரும் காது மூக்கு தொண்டைத் துறையில் இரண்டு வாரம் இருந்தாக வேண்டும். அந்தப் பதினான்கு நாளில் காலை ஒரு மணி நேரம், அதே வளாகத்தின் பிரசவ வார்டில், முந்தைய நாள் பிறந்த குழந்தைகளின் காதைச் சோதிக்கட்டும். எத்தனை குழந்தை பிறந்தது, எத்தனை காது சோதிக்கப்பட்டது என்று தினமும் பதியட்டும். பேராசிரியரின் முகத்தைப் பதியும் செயலியில் அதற்கு ஒரு கட்டம் சேர்க்க ஆணையத்துக்கு அரை நாள் வேலை.