பொட்டலும் பச்சையும்

"அம்மா, இங்கே வானமே இல்லைம்மா" என்றாள் என் மகள், வால்பாறையிலிருந்து போனில்.

சென்ற ஆடி மாதம் அது. தலைப்பிரசவம் இங்கே நம் வீட்டில் ஆகி, ஐந்தாம் மாதம் பிள்ளையோடு புருஷன் வீட்டுக்குப் போயிருந்தாள். மாப்பிள்ளைக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. சுற்றிலும் மலை, மலை முழுக்கத் தேயிலை, அதற்கு மேலே மேகம். காசு செலவழித்து வேன் வைத்துக்கொண்டு போய்ப் பார்க்கிறோமே, அந்த மாதிரி ஊர். "இவ்வளவு குளுகுளுன்னு இருக்கிற இடத்துல இந்தப் பொண்ணுக்கு என்ன குறைன்னே தெரியலை" என்று சம்பந்தியம்மாளும் போனில் அலுத்துக்கொண்டார். நானும் அதையே சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. 2000-ல் நான் அழுத அழுகை நினைவுக்கு வந்துவிட்டது.

நான் பிறந்தது பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையில். கொல்லைக் கதவைத் திறந்தால் வாய்க்கால், வாய்க்காலுக்கு அந்தண்டை வயல். கல்யாணமாகி தஞ்சாவூரில் பஸ் ஏறினோம். கந்தர்வகோட்டை வந்ததும் மண் சிவந்துவிட்டது; முந்திரித் தோப்பாவது இருந்தது. புதுக்கோட்டை தாண்டி, திருமயம் கோட்டையும் தாண்டிய பிறகு வெயிலும் பொட்டலும்தான். காரைக்குடி வந்து கோட்டையூருக்கு வண்டி மாறியபோது, "ஆறு எங்கேங்க இருக்கு?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் ரொம்ப நாள் மன்னிக்கவில்லை.

மூன்று மாதம் சோறு இறங்கவில்லை. மத்தியானத்தில் கொல்லையில் நின்று அந்தச் செம்மண்ணைப் பார்த்தால் தொண்டையை அடைக்கும். வீட்டில் ஒருவரும் கொடுமைக்காரர்கள் இல்லை. அதனால் அழுவதற்குக் காரணமும் சொல்ல முடியவில்லை. மண்ணைப் பார்த்தா ஒருத்தி அழுவாள்? "எங்க ஊரு பிடிக்கலை போல" என்று அத்தை ஒரு நாள் சொன்னதுதான் உண்மை. ஆனால் அந்த உண்மையைக் குற்றம் போலச் சொன்னார்கள்.

எதிர்வீட்டு ஆச்சிக்கு அப்போது எண்பதுக்கு மேல். அவரது வீடு ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கும். இருந்தது அவரும் ஒரு வேலைக்காரப் பெண்ணும். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, தெருக்கோடிக்கு அப்பால் பொட்டலையே பார்த்துக்கொண்டிருப்பார். "அதுல என்ன ஆச்சி பார்க்கிறீங்க?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"பொட்டலா இருந்தாத்தானே ஆத்தா தூரத்துல வர்ற வண்டிப் புழுதி தெரியும்? உங்க ஊருல தென்னையும் வாழையும் மறைச்சுப்புடும்" என்றார்.

செட்டிநாட்டு ஆண்கள் பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன காலம் அவருடையது. பெட்டியடிக்குப் போனால் மூன்று வருஷக் கணக்கு முடிந்துதான் திரும்புவார்களாம். 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவில் புகுந்தபோது, காட்டுவழியாக நடந்தே வந்து சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். ஆச்சியின் வீட்டு ஐயாவும் அப்படி வந்தவர்தானாம். கட்டை வண்டியின் புழுதி முதலில் தெரியும், அப்புறம் மாடு, அப்புறம்தான் ஆள் என்று விரலை நீட்டிக் காட்டினார். அந்தப் பொட்டலில் எனக்குத் தெரிந்தது ஒன்றுமே இல்லாத இடம். அவருக்கோ தன் வாழ்க்கையில் வந்து சேர்ந்த ஒரே நல்ல சேதி அந்த வழியாகத்தான் வந்தது.

பத்தாம் வகுப்பில் ஐந்திணை படித்தது அப்போது ஞாபகம் வந்தது. குறிஞ்சிக்குக் கூடல், முல்லைக்கு இருத்தல், மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிதல் என்று மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தோம். நிலத்துக்கும் மனசுக்கும் நம் முன்னோர்கள் போட்ட முடிச்சு அது. பாலை தனி நிலம் இல்லை, குறிஞ்சியும் முல்லையும் வறண்டால் பாலையாகும் என்று சிலப்பதிகாரம் சொல்வதாக எங்கள் தமிழம்மா விளக்கினார். நான் மருதத்தில் பிறந்து, பிரிவைச் சுமந்துகொண்டு பாலைக்கு வந்தவள். (ஊடல் மட்டும் எங்கள் வீட்டில் எந்த நிலத்திலும் குறைந்ததில்லை!)

ஆனால் இந்த மண்ணைப் பாலை என்பதும் முழுக்கச் சரியில்லை. சிவகங்கை மாவட்டத்தில் வருஷத்துக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தஞ்சைக்கு இதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அங்கே காவிரி இருக்கிறது, இங்கே இல்லை, வித்தியாசம் அதுதான். அதனால்தான் இங்கே ஊருக்கு ஊர் கண்மாய், ஊருணி. குடிக்கிற ஊருணியில் காலைக்கூட நனைக்க விடமாட்டார்கள். ஐப்பசி மழையில் வளவு வாசலுக்கு நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் இறங்கும். அண்டா, குண்டான் எல்லாம் வைத்துப் பிடிப்போம். முதல் வருஷம் அந்த மழைச் சத்தத்தில்தான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. நான் வெறுத்த முள்மரம்கூட இந்த ஊர்ச் சொத்து இல்லையாம். "சீமைக் கருவேலம் நேத்து வந்தது ஆத்தா, நான் கல்யாணமாகி வந்தப்போ அது கிடையாது" என்றார் ஆச்சி.

அந்தத் தை மாதம் என் வீட்டுக்காரர் வேட்டங்குடிக்கு அழைத்துப் போனார். திருப்பத்தூர்ப் பக்கம், 1977-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்த கண்மாய்கள் அங்கே இருக்கின்றன. கருவேல மரமெல்லாம் வெள்ளையாகப் பூத்தாற்போல நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும். பறவைகள் மிரளும் என்று பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. குழந்தைகள் ஒரு வெடிகூட வைக்காமல் தீபாவளி கொண்டாடுவதென்றால் சும்மாவா? எங்கிருந்தோ பறந்துவந்து இந்த மண்ணில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது ஒரு ஜீவன். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறேனே என்று வெட்கமாகப் போயிற்று.

இப்படிப் பழகிய மண்ணில் வளர்ந்தவள் என் மகள். அவள் கண்ணுக்கு அழகு என்றால் தடையில்லாத வானம். மகன் அழகப்பா பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். அவனிடம் இதைச் சொன்னேன். "இதையெல்லாம் ஆராய்ச்சி பண்ணியிருக்காங்கம்மா" என்று தேடிப் படித்துச் சொன்னான். 1688-லேயே ஜோகன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊர் ஏக்கத்தை ஒரு வியாதியாகவே எழுதி, அதற்கு கிரேக்கச் சொற்களைக் கொண்டு 'நாஸ்டால்ஜியா' என்று பெயரும் வைத்தாராம். சொந்த ஊரைப் பிரிந்த சுவிட்சர்லாந்துக்காரர்களைப் பற்றி எழுதியது அது. அமெரிக்காவில் 1982-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், பலவித நிலப் படங்களைக் காட்டியபோது எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு மரங்கள் சிதறி நிற்கும் திறந்த புல்வெளிதான் அதிகம் பிடித்ததாம். வயது ஏறியவர்களுக்குத் தங்களுக்குப் பழகிய காடும் அதே அளவு பிடித்ததாம். கண்ணுக்கும் பழக்கம் வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணி பிறந்ததும் புறப்பட்டுப் போனேன். மழை விட்டபாடில்லை. பிள்ளையின் துணி மூன்று நாளாகியும் காயாமல் வீடெல்லாம் தொங்கியது. அவள் படுக்கும் அறை ஜன்னலைத் திறந்தால் மூன்றடியில் மலையை வெட்டிய மண்சுவர், பாசி படிந்து. பெரிய மலை ஊரில் அவள் பார்த்துக்கொண்டிருந்தது அந்தச் சுவரைத்தான்! 1984-ல் ராஜர் உல்ரிச் என்பவர் வெளியிட்ட ஆய்வைப் பற்றியும் மகன் சொல்லியிருந்தான். பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 நோயாளிகள். ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிட ஏறக்குறைய ஒரு நாள் முன்னதாக வீடு திரும்பினார்களாம், கடுமையான வலி மாத்திரையும் குறைவாகவே தேவைப்பட்டதாம். மாப்பிள்ளையிடம் சொல்லி, பள்ளத்தாக்கு தெரியும் முன்னறைக்குக் கட்டிலை மாற்றினோம். சம்பந்தியம்மாள் முகத்தைச் சுளித்தாலும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார்.

அதோடு முடிந்துவிடவில்லை. பிள்ளை தூங்கும்போதும் இவள் தூங்கவில்லை. பிள்ளை அழுதால் சுவரைப் பார்த்தபடியே இருந்தாள். இது ஊர் ஏக்கம் மட்டும் இல்லை என்று எனக்குப் பயம் தட்டியது. பொள்ளாச்சியில் ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனோம். பிள்ளை பெற்ற சில நாளில் வருகிற அழுகை இரண்டு வாரத்தில் தானாகத் தெளிந்துவிடும் என்றும், அதற்கு மேல் நீடித்தால், அல்லது முதல் வருஷத்துக்குள் எப்போது புதிதாக வந்தாலும், வைத்தியம் பார்க்க வேண்டிய மனச்சோர்வு என்றும் அவர் சொன்னார். தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடத் தோன்றினால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாதாம். "குளிர்ச்சியான ஊர்தானே, என்ன குறைச்சல்" என்று நான் அன்று போனில் சொல்லியிருந்தால், இவள் மேற்கொண்டு வாயே திறந்திருக்க மாட்டாள்.

டாக்டரிடம் போகிற வழியில் நடந்ததைச் சொல்ல விட்டுவிட்டேன். வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்க 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ என்ற இடத்தில் ஜீப்பை நிறுத்தச் சொன்னேன். கீழே ஆழியாறு அணைத் தண்ணீர். அதற்கப்பால் சமவெளி, ஒரு மலைகூடக் குறுக்கே இல்லாமல், வானத்தில் போய் முட்டும் வரைக்கும். மகள் பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றாள். அழுதாள். ஆனால் அது வேறு அழுகை. எனக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

டாக்டரின் யோசனையும் மருந்தும், கட்டில் மாற்றியதும், சம்பந்தியம்மாள் ராத்திரி பிள்ளையை வாங்கிக்கொண்டதும் எல்லாமாகச் சேர்ந்து புரட்டாசிக்குள் அவளைத் தெளிய வைத்தன. எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை மட்டும் இப்போதும் வார விடுமுறையில் ஒன்பதாவது வளைவு வரை அழைத்து வந்து காட்டிவிட்டுப் போகிறாராம்.

பொங்கலுக்கு வந்திருந்தாள். பேரனுக்கு வயது ஒன்று நிறையப் போகிறது. சாயங்காலம் அவனைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக்குப் போனேன். ஆச்சி இப்போது இல்லை. திண்ணையும் பொட்டலும் அப்படியே இருக்கின்றன. அவ்வளவு பெரிய வெளியையும் வெயிலையும் பார்த்ததும் பேரன் மிரண்டு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"விடும்மா, அவனுக்கு இதெல்லாம் பழக்கமில்லை" என்று சிரித்தபடி கையை நீட்டினாள் என் மகள்.