பக்கவிளைவு எந்தப் பக்கம்?

செமாகுளுடைடு என்னும் நீரிழிவு மருந்தைப் பற்றி இன்று இருவகைப் பேச்சுகளே மிகுதியாகக் கேட்கின்றன. சர்க்கரையையும் உடல் எடையையும் ஒருசேரக் குறைத்து, மாரடைப்பிலிருந்தும் காக்கும் அருமருந்து என்பது ஒன்று. கண்ணைக் கெடுக்கும், குடலைப் புரட்டும், தொடவே கூடாது என்பது மற்றொன்று. மாத்திரையாக 2022இலும், எடைக் குறைப்புக்கான ஊசியாக 2025 ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்த இம்மருந்துக்கு இந்நாட்டில் காப்புரிமை 2026 மார்ச் வரைதான். அதன்பின் உள்நாட்டு நிறுவனங்களின் மலிவான பதிப்புகளுக்கு வழி திறக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல். விலை இறங்கும்போது இம்மருந்து போய்ச் சேரப்போகும் கூட்டம் அத்துணைப் பெரியது. ஆகவே அதன் நன்மையையும் தீமையையும் எந்தத் தராசில் நிறுப்பது என்னும் கேள்வி மருத்துவர்களுக்கு மட்டும் உரியதன்று. அது மொழியைப் பற்றிய கேள்வியும் ஆகும்.

எண்களிலிருந்து தொடங்கலாம். 2016இல் வெளியான சஸ்டெயின்–6 என்னும் ஆய்வில், இதய நோய் உள்ளவர்களும் அது வரும் ஆபத்து மிகுந்தவர்களுமான 3297 நீரிழிவு நோயாளிகள் ஏறத்தாழ இரண்டாண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். இதயநோய் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றுக்கு ஆளானோர் வெற்று மருந்து பெற்றவர்களில் 8.9 சதவீதம், செமாகுளுடைடு பெற்றவர்களில் 6.6 சதவீதம். விழித்திரைப் பாதிப்பின் கடுமையான சிக்கல்கள் முன்னவர்களில் 1.8 சதவீதம், பின்னவர்களில் 3.0 சதவீதம்.

இதே நான்கு எண்களைக் கொண்டு இரண்டு வேறு கதைகளைச் சொல்ல முடியும். 'இதய ஆபத்து 26 சதவீதம் குறைகிறது. கண் சிக்கல் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல் கூடுகிறது' என்று சொன்னால் மருந்து அமுதமாகிறது. 'கண் சிக்கல் 76 சதவீதம் கூடுகிறது. இதயப் பயனோ நூற்றுக்கு இருவருக்குத்தான்' என்று சொன்னால் அதுவே நஞ்சாகிறது. இரண்டிலும் பொய் இல்லை. ஒரு தட்டில் விகிதத்தையும் மறு தட்டில் ஆள்கணக்கையும் வைத்து நிறுப்பதுதான் பிழை. விளம்பரம் முதல் வகையையும் வதந்தி இரண்டாம் வகையையும் விரும்புகின்றன. நேர்மையான வாக்கியம் ஒன்றே: இத்தகைய 1000 பேர் இரண்டாண்டுகள் இம்மருந்தை எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ 23 பேர் இதயச் சிக்கலிலிருந்து தப்புகின்றனர், 12 பேர் கூடுதலாகக் கண் சிக்கலுக்கு ஆளாகின்றனர்.

இந்த வாக்கியத்தில் 'இத்தகைய' என்னும் சொல்லை விட்டுவிடக் கூடாது. இதய நோயே இல்லாத, முப்பத்தைந்து வயதுடைய ஒருவருக்கு அந்த 23 என்பது பொருந்தாது. தப்பிக்க வேண்டிய ஆபத்தே அவருக்குக் குறைவு. அதுபோலவே, கண் சிக்கல் நேர்ந்தவர்களில் ஐந்தில் நால்வருக்கு மேல் ஆய்வின் தொடக்கத்திலேயே விழித்திரைப் பாதிப்பு உள்ளவர்கள். நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரை விரைந்து இறங்கும்போது ஏற்கெனவே பழுதுபட்ட விழித்திரை சிறிது காலம் மோசமாகலாம் என்பது இன்சுலின் காலத்திலிருந்தே மருத்துவம் அறிந்த செய்தி. எனவே மருந்தைத் தொடங்கும் முன் விழித்திரையைச் சோதித்துக்கொண்டால் அந்தப் 12 பேரில் பலரை முன்கூட்டியே இனங்காண முடியும். மருந்து நல்லதா கெட்டதா என்னும் கேள்வியைவிட, யாருக்கு, எந்தச் சோதனைக்குப் பின், எவ்வளவு வேகத்தில் என்னும் கேள்விகளே நோயாளிக்குப் பயன்படுபவை.

இங்கே 'பக்கவிளைவு' என்னும் சொல்லே ஆராய்ச்சிக்கு உரியதாகிறது. ஆங்கிலத்திலிருந்து பெயர்த்து ஆக்கப்பட்ட இச்சொல், மையமான விளைவு ஒன்று உண்டு, ஏனையவை ஓரத்தில் நிற்பவை என்னும் படத்தை மனத்தில் வரைகிறது. செமாகுளுடைடைப் பொறுத்தவரை அந்தப் படம் பொருந்தவில்லை. நீரிழிவுக்கென உருவான மருந்தில் பசி குறைந்து எடை இறங்கியது முதலில் கூடுதல் விளைவு. பின்னர் அதுவே தனி மருந்தாக விற்கப்படும் முதன்மை விளைவாயிற்று. விழித்திரையை வருத்துவதோ, சர்க்கரையை இறக்குதல் என்னும் முதன்மை விளைவின் வேகமாகவே இருக்கக்கூடும். உடல் தன் விளைவுகளை மையம், பக்கம் எனப் பிரித்து வைப்பதில்லை. அப்பிரிவினை மருந்தை எழுதுபவரின் நோக்கத்தில் இருக்கிறது. மருந்தியலார் ஆளத் தொடங்கியுள்ள 'பாதக விளைவு' என்பது இதைவிடத் தெளிவான சொல். அது தீங்கைத் தீங்கு என்றே அழைக்கிறது.

சொல்லைக் காட்டிலும் நுட்பமான சிக்கல் வினைமுற்றில் உள்ளது. தமிழில் பாதக விளைவுகளைச் சொல்லும் வாக்கியங்கள் பெரும்பாலும் '‑லாம்' என்னும் விகுதியில் முடிகின்றன: குமட்டல் வரலாம், வாந்தி ஏற்படலாம், பார்வை பறிபோகலாம். அனுமதிக்கும் வாய்ப்புக்கும் பொதுவான இவ்விகுதி, வாய்ப்பின் அளவைச் சொல்வதில்லை. செமாகுளுடைடில் குமட்டல் பலருக்கு வருவது. கண் நரம்புக்கு இரத்தம் குறைந்து பார்வையைப் பறிக்கும் ஒருவகைக் கேடோ, ஐரோப்பிய மருந்து முகமையின் 2025 ஜூன் மதிப்பீட்டின்படி, 10,000 பேரில் ஒருவர் வரைக்குமே நேரக்கூடியது. இரண்டையும் ஒரே '‑லாம்' தாங்கி நிற்கும்போது, கேட்பவர் இரண்டுக்கும் அஞ்சுகிறார், அல்லது இரண்டையும் அலட்சியம் செய்கிறார். ஐரோப்பியத் துண்டறிக்கைகளில் 'அரிது', 'மிக அரிது' போன்ற சொற்கள் ஒவ்வொன்றுக்கும் எண் வரம்பு வகுக்கப்பட்டுள்ளது: 'மிக அரிது' என்றால் 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவு. அந்த ஒழுங்கைத் தமிழிலும் கன்னடத்திலும் வகுக்க மொழியில் தடை ஏதும் இல்லை. 'நூற்றுக்கு இருவர்', 'பதினாயிரத்தில் ஒருவர்' என்று கணக்கைச் சொல்லும் வழி வழக்கிலேயே உள்ளது.

அளவின்றி எடைபோட்டால் என்ன நேரும் என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு சான்று உண்டு. பயோகிளிட்டசோன் இங்கே மலிவாகக் கிடைத்துவந்த நீரிழிவு மாத்திரை. 2011இல் பிரான்சு சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அச்சத்தால் அதை நிறுத்திவைத்தது. 2013 ஜூனில் இந்திய நல்வாழ்வு அமைச்சகமும் மருந்துகள் மற்றும் ஒப்பனைப் பொருள்கள் சட்டத்தின் 26ஏ பிரிவின்கீழ் அதன் உற்பத்தியையும் விற்பனையையும் நிறுத்தியது. மருத்துவர்களின் எதிர்ப்புக்குப் பின், அதே ஆண்டு ஜூலை 31 அன்று தடை நீங்கியது; முதல்நிலை மருந்தாகக் கொடுக்கலாகாது, கட்டமிட்ட எச்சரிக்கை வேண்டும் என்னும் நிபந்தனைகள் வந்தன. ஏறத்தாழ ஆறு வாரங்களில் ஒரே மாத்திரை தடைசெய்யப்பட்ட பொருளாகவும் மீண்டும் மருந்தாகவும் மாறியது. அதை நாள்தோறும் விழுங்கிவந்தவருக்கு, நேற்று ஏன் கூடாது, இன்று ஏன் கூடும் என்பது விளங்கும் மொழியில் சொல்லப்படவில்லை.

சொல்வதற்கு எண்கள் இல்லாமலில்லை. 2005இல் வெளியான புரோஆக்டிவ் ஆய்வில் 5238 பேர் ஏறத்தாழ மூன்றாண்டுகள் பங்கேற்றனர். அதன் முதன்மை இலக்கில் உறுதியான பயன் தென்படவில்லை. இரண்டாம் நிலைக் கணக்கில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவை 1000 பேருக்கு ஏறத்தாழ 136இலிருந்து 116ஆகக் குறைந்தன. இதயச் செயலிழப்பு 1000 பேருக்கு 80இலிருந்து 110ஆகக் கூடியது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வெற்று மருந்துக் குழுவில் 6 பேருக்கும் மருந்துக் குழுவில் 14 பேருக்கும் வந்தது. அதாவது 1000 பேருக்கு ஏறத்தாழ மூவர் கூடுதல். இதயம் தளர்ந்தவருக்கும் சிறுநீரில் இரத்தம் கண்டவருக்கும் இது ஆகாது என்பதும், வேறு பலருக்கு ஆகக்கூடும் என்பதும் இக்கணக்கிலேயே தெரிகின்றன. நாடு முழுமைக்கும் ஒரே ஆணையால் 'வேண்டாம்' என்பதும் 'வேண்டும்' என்பதும் இந்த வேறுபாட்டை அழித்துவிடுகின்றன.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. தீங்குகளை விரித்துச் சொன்னால் நோயாளிகள் அஞ்சி மருந்தையே நிறுத்திவிடுவர். கட்டுப்படாத சர்க்கரை சிறுநீரகத்தையும் காலையும் கண்ணையும் பறிக்கும். எந்த மருந்தின் பாதக விளைவும் அதற்கு ஈடாகாது. இவ்வச்சத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் மௌனம் அச்சத்தைக் குறைப்பதில்லை. மருத்துவர் சொல்லாததைப் பக்கத்து வீட்டாரும் கைபேசியில் வரும் காணொளியும் சொல்கின்றன, எண் இல்லாமல், '‑லாம்' போட்டு. முதல் வாரத்துக் குமட்டல் பெரும்பாலும் தணியும் என்று முன்பே அறிந்தவர் அதைத் தாங்குவார். அறியாதவர் ஊசியை நிறுத்திவிட்டு, நிறுத்தியதையும் சொல்லாமல் இருப்பார். சிகிச்சையின்மையின் தீங்கையும் அதே 1000 பேர் கணக்கில் மூன்றாம் எண்ணாகச் சேர்த்துச் சொல்வதே இந்த மறுப்புக்குத் தக்க விடை.

மைசூர் இதற்கு ஏற்ற ஊர். இங்குள்ள ஜே.எஸ்.எஸ். மருத்துவமனை, இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின்கீழ் பாதக விளைவுகளைப் பதிவுசெய்யும் மையங்களுள் ஒன்று. 1969இல் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும், அதன் வழி நடைபெறும் தேசிய மொழிபெயர்ப்புத் திட்டமும் இதே ஊரில் உள்ளன. ஒன்றிடம் மருந்தின் கணக்கு இருக்கிறது. மற்றொன்றிடம் மொழியின் கணக்கு. இவ்வூர் மருந்துக்கடையில் கன்னடமும் தமிழும் உருதும் தெலுங்கும் பேசுவோர் வரிசையில் நிற்கின்றனர். அவர்கள் கையில் கிடைக்கும் துண்டறிக்கையோ பொடி எழுத்து ஆங்கிலத்தில் இருக்கிறது. புதிய நீரிழிவு மருந்துகள் ஐந்தாறுக்கேனும், பயனும் தீங்கும் 1000 பேர் என்னும் ஒரே அளவில், ஒரே கால வரம்பில், ஒரு பக்கத்துக்குள் அடங்கும் அறிவிப்புகளை இந்த நான்கு மொழிகளிலும் ஆக்குவது பெருஞ்செலவு பிடிக்கும் வேலையன்று. மருந்தியல் மாணவர் ஒருவரும் மொழியியல் மாணவர் ஒருவரும் இணைந்து செய்யத்தக்க ஆய்வேடு அது. அவ்வறிவிப்பைப் படித்தவர் உண்மையில் என்ன புரிந்துகொண்டார் என்று சோதிப்பது அதன் இரண்டாம் இயல்.

அவ்வறிவிப்பின் அடியில் இரண்டு வரிகள் தவறாமல் இருக்க வேண்டும். ஒன்று, மருந்தைத் தொடங்கும் முன் விழித்திரைச் சோதனை செய்துகொண்டீர்களா என்னும் கேள்வி. மற்றொன்று, பாதக விளைவை நோயாளியே தெரிவிக்கக்கூடிய 1800-180-3024 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண். வெளிநாட்டு ஆய்வுகளின் எண்களைக் கொண்டே இன்று இந்திய உடல்களுக்குக் கணக்குப் போடப்படுகிறது. அந்தக் கணக்கைத் திருத்தும் தரவு, தமக்கு நேர்ந்ததைத் தம் மொழியில் சொல்லத் தெரிந்த நோயாளிகளிடமிருந்துதான் வர வேண்டும்.