பாபத்துக்குப் பத்துக்கு ஏழரை

வெள்ளி இரவு யாழ்ப்பாணத்தில பஸ் ஏறி, சனியும் ஞாயிறும் வயிறு வெடிக்கச் சாப்பிட்டு, திங்கள் காலை "கொழும்பு முழுக்கச் சுத்தியாச்சு மச்சான்" எண்டு ரீல்ஸ் போடுற கூட்டத்தில நானும் ஒராள். அதனால் இந்தத் திட்டு எனக்கும் சேர்த்துத்தான்.

எல்லாரிடமும் இருக்கிறது ஒரே பட்டியல். காலிமுகத்திடலில் இறால் வடை, புறக்கோட்டையில் அச்சாறு, கொள்ளுப்பிட்டியில் நடுச்சாமக் கொத்து, எங்கேயாவது வாழையிலையில் கட்டின லம்பிறைஸ், ஞாயிறு விடிய கொம்பனித்தெருவில் புட்டும் பாபத்தும். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை எண்டு புள்ளி வேறை. பாபத்துக்கு ஏழரை போட்டவனுக்கு அது மாட்டுக் குடல் கறி எண்டே தெரியாது. மலாயர் சமையல் எண்டு சொன்னன். "மலேசியாவோ?" எண்டான்.

ஒல்லாந்தர் காலத்தில் யாவாவில் இருந்தும் சுற்றியுள்ள தீவுகளில் இருந்தும் படையாட்களாகவும், நாடு கடத்தப்பட்டவர்களாகவும், அடிமைகளாகவும் கொண்டுவரப்பட்ட ஆக்களின் சந்ததி அவர்கள். கொம்பனித்தெருவை ஆங்கிலத்தில் 'அடிமைத் தீவு' எண்டும் சொல்லுறாங்கள். அந்தப் பெயரை மேப்பில தட்டித்தான் நாங்களும் போய்ச் சேர்ந்தம். ஏன் அந்தப் பெயர் எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல.

புட்டுப் போட்டுத் தந்த நானா பாதித் தமிழ், பாதிச் சிங்களத்தில் கதைச்சார். "முந்தி வீட்டு வாசல்லதான் அடுப்பு. இப்ப ஒன்பதாம் மாடி. லிஃப்டுக்குள்ள வண்டில் போகாது தம்பி." எங்கட ஆள் ஒருத்தன் சொன்ன பதில்: "நானா, கொஞ்சம் கேமராவைப் பாருங்கோ."

2010 மே மாதம் இதே கொம்பனித்தெருவில் மியூஸ் வீதிக் குடும்பங்களை எழுப்பிப்போட்டு வீடுகளை இடிச்சாங்கள். பிறகு நகரத்தை அழகாக்குறம் எண்டு சொல்லி எத்தனையோ தோட்டங்கள் போய், மாடிகள் எழும்பின. மாடியில் தண்ணி வரும், லைட் எரியும், உண்மைதான். ஆனால் வாசலில் அடுப்பு மூட்டிப் பிழைச்ச மனுசருக்கு வாசல் இல்லாட்டி என்ன மிஞ்சும்? நாங்கள் தேடிப் போற 'தெருச் சாப்பாடு' தெரு இருந்தால்தானே இருக்கும்.

"சாப்பிடப் போன இடத்திலயும் அரசியலோ?" எண்டு கேப்பீங்கள். இதைக் கேக்க எங்களுக்கு வாய் வரக்கூடாது. எங்கட அம்மா அப்பாமாருக்குக் கொழும்பு எண்டால் லொட்ஜ். பாஸ்போட் எடுக்க, ஏஜென்சிக்காரனைப் பார்க்க வந்து, பொலிஸ் பதிவுத் துண்டோட அறைக்குள்ள காவல் இருந்த ஊர். 2007 ஜூன் 7ஆம் திகதி, விடியமுன்னம் லொட்ஜுகளில் நித்திரையில் இருந்த 370க்கும் மேற்பட்ட தமிழரை பஸ்ஸில ஏத்தி வவுனியாப் பக்கமும் கிழக்குக்கும் அனுப்பினாங்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் நிப்பாட்டச் சொல்லித்தான் அது நிண்டது. வெள்ளவத்தையில் நாங்கள் தோசைக்குப் புள்ளி போட்டது அந்த லொட்ஜுகள் இருந்த தெருவழியேதான். எழுப்பிக் கலைக்கிறது எண்டால் என்னவெண்டு தெரிஞ்ச சனத்தின்ர பிள்ளைகள், எழும்பிப் போன இன்னொரு மனுசரிட்ட கேமராவைப் பார் எண்டு சொல்லலாமோ?

போகாதேங்கோ எண்டு சொல்லேல்ல. போங்கோ, நல்லாச் சாப்பிடுங்கோ. பதினாலு இடத்தை மூண்டாக்குங்கோ. ஏசி கடையில 'சேவிஸ் சார்ஜ்' எண்டு வாய் திறக்காமல் கட்டிப்போட்டு, வண்டில்காரரிட்ட இருபது ரூவாய்க்கு இழுபடாதேங்கோ. எழுதுற ரிவியூவில் உறைப்புக் கூடவோ குறையவோ எண்டதோட, சமைச்சவர் இப்ப எங்க இருக்கிறார் எண்டும் ஒரு வரி எழுதுங்கோ. அதுக்கு முதல் அவரிட்டக் கேக்கவேணும். கேக்க, வாயில இருக்கிறதை விழுங்கவேணும்.

நானாவின் பாபத் ஒன்பது மணிக்கு முதல் முடிஞ்சிடும். அந்த ஏழரையை நான் இன்னும் அழிக்கேல்ல. அழிச்சால் அவரின்ர முகம் இருக்கிற ஒரே வீடியோவும் போயிடும்.