யாருக்கு இனிக்கிறது கிராமம்?

செஞ்சிக் கோட்டை 2025இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அதைக் காண வரும் பட்டணத்துப் பெருமக்கள், அடுத்துள்ள வல்லம் வட்டாரத்து வயல்களைக் கண்டு, “என்னே அமைதி! என்னே நிறைவு!” என்று வியக்கின்றனர், வியந்தபின், பொழுது சாயுமுன் பட்டணம் திரும்புகின்றனர்!

தோழர்களே! நோய் முற்றினால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கு ஓடவேண்டும். இரயிலேறத் திண்டிவனம் போகவேண்டும். பட்டம் பெற்ற பிள்ளை பிழைப்புக்குச் சென்னை செல்லவேண்டும். இதுவா நிறைவு?

“கிராமத்தான் குறை கூறுவதில்லையே!” என்பர். “ஏதோ இருக்கிறோம்” என்கிறான் அவன். அது நிறைந்தவன் குரலன்று. எல்லாம் தலைவிதியென நம்பவைக்கப்பட்டவன் குரல்! அளவுகோலைக் குட்டையாக்கிவிட்டு, ஆள் உயரமென்பதோ?

கிராமமும் ஒன்றா? ஊர் வேறு, சேரி வேறு! ஊருக்கு இனிப்பது சேரிக்குக் கசக்கிறது. 4-11-1948 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைச் சாடியது வீணுக்கா?

பட்டணத்திலும் நெரிசலுண்டு, குடிசையுண்டு, வாடகை வீட்டுக்குச் சாதி கேட்போருமுண்டு. ஆயினும், தேநீர்க் கடையில் யார் எந்தத் தெருவென அறிவாரில்லை. அந்த முகமறியாமையே ஒடுக்கப்பட்டவனுக்கு விடுதலைக் காற்று!

கிராமம், நகரம் எனும் பேதமே ஒழிய வேண்டுமென்றார் பெரியார். ஆகவே, கிராமத்தைப் பாடாதீர்! பள்ளியும் மருத்துவமும் தொழிலும் அங்கே தாரீர்!