தைராய்டு மாத்திரையும் அவசர ரத்தப் பரிசோதனையும்

"டாக்டர், மாத்திரை ஆரம்பிச்சு பதினஞ்சு நாளாச்சு. டிஎஸ்எச் இன்னும் குறையல. டோஸ ஏத்திக் குடுங்க."

கையில் தனியார் லேப் ரிப்போர்ட்டோடு ஓபிக்கு வந்து இப்படிக் கேட்பவர்கள் ஏராளம். அவர்கள் மேல் தப்பில்லை. எப்போது டெஸ்ட் எடுக்கணும்னு நாங்கள் சொல்லியிருக்க மாட்டோம். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

1. தைராக்சின் மாத்திரை பாராசிட்டமால் மாதிரி இல்லை. நேற்று போட்டால் இன்று பலன் தெரியாது. உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 7 நாள் ஆகும். தினமும் போட்டுவந்தால் ரத்தத்தில் ஒரே அளவில் நிலைக்க 5, 6 வாரம் பிடிக்கும். அதைப் பார்த்துத்தான் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி டிஎஸ்எச்சைக் குறைக்கும்.

அதனால் மாத்திரை ஆரம்பித்தாலும் டோஸ் மாற்றினாலும் அடுத்த டெஸ்ட் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான்.

2. அவசரப்பட்டால் என்ன ஆகும்? 15ஆம் நாள் ரிப்போர்ட்டைப் பார்த்து 50 மைக்ரோகிராம் 75 ஆகும். அடுத்த 15ஆம் நாள் 100 ஆகும். இரண்டு மாதம் கழித்துப் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை என்று வந்து நிற்பார். வயதானவர்களுக்கு இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேயலாம். முதல் 50 மைக்ரோகிராமே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கலாம்!

3. இன்னொரு கதை. இரண்டு மாதம் மாத்திரையை விட்டுவிட்டு, டெஸ்ட்டுக்கு ஒரு வாரம் முன்னாடி மட்டும் ஒழுங்காகப் போடுவது. அப்போது டி4 நார்மலாக வரும், டிஎஸ்எச் மட்டும் அதிகமாகவே இருக்கும். நாங்களும் "டோஸ் பத்தல" என்று ஏற்றிவிடுவோம். விட்டுப்போயிருந்தால் சொல்லிடுங்க. திட்டினாலும் பரவாயில்லை, சொல்லிடுங்க.

4. டெஸ்ட் அன்று என்ன செய்யணும்?

- முதலில் ரத்தம் கொடுங்க, பிறகு மாத்திரை போடுங்க. மாத்திரை போட்ட 2 முதல் 4 மணி நேரத்தில் டி4 தற்காலிகமாக ஏறும்.
- மறந்து போட்டுட்டீங்களா? டிஎஸ்எச் மட்டும் பார்ப்பதென்றால் பிரச்சினை இல்லை. டி4 பார்ப்பதென்றால் லேபில் சொல்லிடுங்க.
- ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கொடுங்க. டிஎஸ்எச் அதிகாலையில் கூடுதலாகவும் மதியத்தில் குறைவாகவும் இருக்கும்.
- தைராய்டு டெஸ்ட்டுக்காக மட்டும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.
- முடி வளர பயோட்டின் மாத்திரை போடுறீங்களா? 2 நாள் முன்பே நிறுத்துங்க. சில மெஷின்களில் அது ரிசல்ட்டையே தப்பாகக் காட்டும்.

5. கர்ப்பிணிகளுக்கு இந்த 6 வாரக் கணக்கு பொருந்தாது. ஏற்கெனவே தைராய்டு மாத்திரை போடுபவர் கர்ப்பம் உறுதியானால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்க. பெரும்பாலும் டோஸ் கூட்ட வேண்டியிருக்கும். கர்ப்பத்தின் முதல் பாதியில் 4 வாரத்துக்கு ஒருமுறை டெஸ்ட் தேவை. "கர்ப்பத்துல எந்த மாத்திரையும் கூடாது"ன்னு பக்கத்து வீட்டில் சொன்னால் கேட்காதீங்க. குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அந்த ஹார்மோன் வேணும்.

6. கடைசியாக, எங்களுக்கும் ஒரு வார்த்தை. அரசு மருத்துவமனையில் 30 நாளைக்கு மாத்திரை கொடுக்கிறோம். அது மாத்திரை வாங்க வரும் கணக்கு, டெஸ்ட் கணக்கு இல்லை. கூட்டத்தில் இதை விளக்க நேரமில்லை என்பது உண்மைதான். ஆனால் ஓபி சீட்டில் "அடுத்த டிஎஸ்எச்" என்று ஒரு தேதி எழுத 5 நொடி போதும். நானும் பல நாள் எழுதாமல் விட்டவன்தான்.

நாங்கள் எழுத மறந்தால் நீங்கள் கேளுங்க: "டாக்டர், அடுத்த டெஸ்ட் எந்தத் தேதி?"

தப்பான நாளில் எடுக்கும் டெஸ்ட்டுக்குக் கொடுக்கும் காசு வீண். அதை நம்பி ஏற்றும் டோஸ் ஆபத்து.