கஷாயத்துக்கு முன்னாடி குழாயைக் கவனியுங்க!

"டாக்டர், அம்மாவுக்கு மூணு நாளா வெளிக்குப் போகலை, ஒண்ணுக்குப் போனா எரியுதாம். ஏதாவது சூரணம் குடுங்க..."

மார்கழி பிறந்தால் போதும், ஊட்டியில் என் கிளினிக்குக்கு இப்படி ஒருத்தராவது வந்துவிடுவார். நான் நாடியைப் பிடிப்பதற்கு முன்னால் கேட்கிற முதல் கேள்வி என்ன தெரியுமா? "காலையில உங்க வீட்டுக் குழாயில தண்ணி வருதா?"

'என்னடா இது, சித்த வைத்தியர் பிளம்பர் வேலை பார்க்கறாரே' என்று சிரிக்காதீங்க. விஷயம் இருக்கு.

குழாயில் தண்ணீர் உறைந்து நின்றுவிட்டால், அல்லது பனிக்கட்டி மாதிரி சில்லென்று வந்தால், வயசானவங்க முதலில் நிறுத்துவது தண்ணீர் குடிப்பதைத்தான். இரண்டு டம்ளர் காபியோடு நாளை ஓட்டுவாங்க. விளைவு? மலச்சிக்கல், நீர்ச்சுருக்கு, எரிச்சல். இதற்கு நான் மருந்து தரலாம். ஆனால் வெந்நீர் தாராளமாகக் கிடைக்காத வீட்டில் என் மருந்து எத்தனை நாளைக்குத் தாங்கும், சொல்லுங்க?

சித்த மருத்துவம் வருஷத்தை ஆறு பருவமாகப் பிரிக்கிறது. மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. ஒவ்வொரு பருவத்துக்கும் முன்கூட்டியே உடம்பைத் தயார் பண்ணிக்கொள்ளணும் என்பதுதான் அடிப்படை. உடம்புக்கு மட்டும்தானா அது? உடம்பு குடியிருக்கிற வீட்டுக்கும் அதே விதிதான் என்பது என் கட்சி.

நான் பட்ட பாடு

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு, நெல்லை வெயிலில் காய்ந்த உடம்போடு இந்த ஊருக்கு வந்தவன் நான். சுமார் 2,200 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரியில் சில ராத்திரிகளில் குளிர் ஜீரோ டிகிரியைத் தொடும். பள்ளமான இடங்களில் அதற்கும் கீழே போகும். புல்வெளி எல்லாம் உப்பைக் கொட்டினாற்போல் வெளுத்துக் கிடக்கும்.

வந்த முதல் குளிர்காலம். ஒரு நாள் காலையில் குழாயைத் திறந்தால் 'புஸ்' என்று காற்றுகூட வரவில்லை. நான் பெரிய புத்திசாலி மாதிரி பேப்பரைக் கொளுத்தி பிளாஸ்டிக் பைப்புக்குக் கீழே காட்டினேன். பைப் இளகி, வாய் பிளந்துகொண்டது. வெயில் ஏறினதும் தண்ணீர் பீறிட்டது. "என்னங்க, ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்றீங்க, பைப்புக்குச் சூடு போட்டுட்டீங்களே!" என்றாள் என் மனைவி. அன்றைக்குக் கற்ற பாடத்தைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

ஏன் வெடிக்கிறது?

தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவிகிதம் பெருக்கும். பைப்புக்குள் பெருக்க இடம் ஏது? பனிக்கட்டிக்கும் மூடிய குழாய்க்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீர் அழுத்தம் தாங்காமல், பலவீனமான ஜாயின்ட்டைப் பிளந்துகொண்டு வரும். மேகம் இல்லாத, காற்று அசையாத ராத்திரிதான் ஆபத்து. குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் மேட்டு வீட்டைவிடப் பள்ளத்து வீட்டுக்காரங்க கூடுதல் ஜாக்கிரதையாக இருக்கணும்.

கார்த்திகைக்குள் செய்ய வேண்டியது

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டைச் சுற்றி ஒரு நடை நடங்க. சுவருக்கு வெளியே, மொட்டை மாடியில், தோட்டத்தில் எந்தெந்த பைப் திறந்து கிடக்கிறது என்று பாருங்க. பழைய கம்பளியையோ சாக்கையோ இறுக்கிச் சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக் ஷீட் கட்டுங்க. ஷீட் முக்கியம். நனைந்த சாக்கு காக்காது, குளிரைத்தான் இழுக்கும். தரையில் ஓடுகிற பைப்பை மண்ணுக்குள் புதைத்துவிடுவது இன்னும் நல்லது.

தோட்டத்துக் குழாய்க்குத் தனி வால்வு இருந்தால் அதை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்துவிடுங்க. ஒழுகுகிற குழாய்க்கு வாஷர் மாற்றுங்க. ராத்திரி சொட்டுகிற தண்ணீர் வாசல்படியில் கண்ணாடி மாதிரி உறைந்திருக்கும். இருட்டில் பால் வாங்கப் போன பாட்டி ஒருத்தர் அதில் வழுக்கி, இடுப்பெலும்பு முறிந்து படுத்தார். அவருக்கு எண்ணெய்க் கட்டு போட என்னிடம் தூக்கிவந்தாங்க. நான் எலும்பு டாக்டரிடம் அனுப்பினேன். அந்த அம்மா பழையபடி நடக்கவே இல்லை. ஒரு வாஷர் விலை என்ன? யோசிங்க.

ராத்திரியே இரண்டு குடம் தண்ணீரைச் சமையலறையில் பிடித்து மூடி வைங்க. உறைந்துபோனால் குழாயைத் திறந்து வைத்துவிட்டு, குழாய்ப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, மிதமான வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுங்க. மூட்டுவலிக்குக் கொடுக்கிற மாதிரிதான்! கொதிநீரும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம். குழாயில் தண்ணீர் வராதபோது கீசர் ஸ்விட்சைப் போடாதீங்க.

கொடைக்கானலிலோ ஊட்டியிலோ வீடு வாங்கிப் பூட்டிப் போட்டிருக்கிற சமவெளிக்காரங்களே, உங்களுக்கும்தான். கிளம்பும்போது மெயின் வால்வை மூடி, எல்லாக் குழாயையும் திறந்து வடித்துவிட்டுப் போங்க.

இதற்கு மூலிகை கிடையாது

வெந்நீருக்காகச் சில வீடுகளில் கேஸ் கீசரைக் குளியலறைக்குள்ளேயே மாட்டி, ஜன்னலையும் அடைத்துவிடறாங்க. குளிருக்கு அடக்கமாக அடுப்புக்கரி மூட்டி, கதவைச் சாத்திப் படுக்கிறவங்களும் உண்டு. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும். மலையூர்களில் இப்படிப் போன உயிர்கள் கொஞ்சமல்ல. முப்பது வருஷமாக மூலிகையோடு வாழ்கிறவன் சொல்கிறேன், இதற்கு என்னிடம் மருந்தே கிடையாது. தலைவலி, மயக்கம் என்றால் உடனே வெளிக்காற்றுக்கு வாங்க, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. கேஸ் கீசர் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டத்தில்தான் இருக்கணும்.

கடைசியாக வீட்டுக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. மலையில் வீடு கட்டும்போது சமவெளி பிளானை அப்படியே கொண்டுவராதீங்க. பைப்பைச் சுவருக்கு உள்பக்கமாகக் கொண்டுபோங்க. வாடகைக்கு விடறவங்களே, 'பனின்னா அப்படித்தான் இருக்கும், நீங்கதான் பார்த்துக்கணும்' என்று தட்டிக் கழிக்காதீங்க. விடியக்காலை அஞ்சு மணிக்கு எழுந்து, உறைந்த குழாயோடு மல்லுக்கட்டுவது அந்த வீட்டுப் பொம்பளைங்கதான். சில்லென்ற தண்ணீரில் பாத்திரம் தேய்த்து விரலெல்லாம் வெடித்து, என்னிடம் களிம்பு கேட்டு வருவதும் அவங்கதான்.

தண்ணீரைக் காய்ச்சி வற்றவைத்துக் குடிக்கணும் என்று தேரையர் சொன்னார். நல்ல வார்த்தை. ஆனால் காய்ச்சுவதற்கு முதலில் தண்ணீர் வரணுமே! திரிகடுகு டப்பாவை எடுத்து வைக்கிற அன்றைக்கே, ஒரு முழம் சாக்கையும் கயிற்றையும் எடுத்து வைங்க. இரண்டும் மருந்துதான்.